உலகத்தில் ஒரே ஒரு திக்குவாய்

துரைராஜுக்குத் 'த' வராது. 'க' கொஞ்சம் தகராறு பண்ணும், 'ப' ஆள் பார்த்து வரும். 'த' மட்டும் சுத்தமாக வராது. பெற்றவர்கள் இதையெல்லாம் விசாரித்துவிட்டா பெயர் வைக்கிறார்கள்? சாலவாக்கத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துக் குழந்தையின் காதில் துரைராஜ், துரைராஜ், துரைராஜ் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் யார் பெயரை வேண்டுமானாலும் அவன் சொல்லிவிடுவான், தன் பெயரைத் தவிர.

புது ஆள் யாராவது பெயர் கேட்டால் ஒரு 'து' வரும். பின்னாலேயே இன்னொரு 'து'. அதற்குள் கேட்டவருக்கு டவுன் பஸ் வந்துவிடும். ஆகவே அவன் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. பெயர் கேட்டால் நெஞ்சைத் தூக்கி அட்டையைக் காட்டுவான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அட்டை ரசத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும்.

ஏனாத்தூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் படித்தான். நல்ல மார்க். இன்டர்வியூ என்றால் வாயைத் திறக்க வேண்டும், அதனால் சென்னைக் கம்பெனிகள் எதுவும் அவனை எடுக்கவில்லை. எடுத்தவன் அசோக். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. துணி வேண்டாம் சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று அடம் பிடித்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் மூவாறு சிஸ்டம்ஸ் என்று ஒரு போர்டு மாட்டியிருந்தான். துரைராஜைவிடச் சின்னவன். "இன்டர்வியூ எல்லாம் வேணாம் துரை. உன் வாய் எனுக்கு எதுக்கு? கை போதும்" என்றான். துரைராஜ் அன்றைக்கு அவனைத் தெய்வமாக நினைத்தான்.

தெய்வத்துக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் எடுப்பான். கீழே உரக்கடைக்காரர் கடன் கேட்பவர்களை விரட்டும் குரல், வேலை கொடுக்கும் பால் கம்பெனி அதிகாரி ஐசக் ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையைச் செருமும் குரல், ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சுபாஷ்ரீயின் அம்மா "இன்னும் கெளம்பலியாடி" என்று இழுக்கும் குரல் எல்லாம் கையிருப்பில் இருந்தன. எல்லாவற்றிலும் உச்சம் துரைராஜ் குரல். அசோக் அதை எடுத்தால் துரைராஜே திரும்பிப் பார்ப்பான். நெற்றிச் சுருக்கம், கண் மூடல், எந்த எழுத்தில் மூச்சு அடைக்கும், அடைத்த மூச்சு எப்படி உடையும் என்பது வரைக்கும் அசல். சுபாஷ்ரீயும், இன்னொரு ஊழியன் தமிழரசனும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். துரைராஜும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னொரு தரம் செய்து காட்டுவார்களே.

பால் கம்பெனிக்குத்தான் அவர்கள் வேலை. கிராமத்துக்குக் கிராமம் கொள்முதல் நிலையம். பெண்கள் கேனில் பாலைக் கொண்டுவந்து ஊற்ற, மிஷின் எடை பார்த்து, கொழுப்பு பார்த்து, சீட்டு அடித்து, கணக்கை கம்பெனிக்கு அனுப்பும். ஆனால் ஆற்றங்கரை ஊர்களில் சிக்னல் ஒரு நிமிஷம் இருக்கும், மறு நிமிஷம் இருக்காது. கணக்கு பாதியில் நின்றுவிடும். துரைராஜ் உட்கார்ந்து ஒரு சின்னப் பேக்கேஜ், அதாவது பெரிய மென்பொருளோடு மாட்டிக்கொள்ளும் துண்டு புரோகிராம், எழுதினான். போகவில்லையா, திரும்ப அனுப்பு. அப்பவும் போகவில்லையா, மறுபடி அனுப்பு. போய்ச் சேரும் வரை விடாதே. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கணக்குகூட அப்புறம் தொலையவில்லை.

"இது இன்னா பண்ணுதுடா துரை?" என்று அசோக் கேட்டான்.

"போவலன்னா தி-தி-தி..."

"திரும்ப அனுப்புது. அப்பயும் போவலன்னா?"

"தி-தி-"

அசோக் மேஜையைத் தட்டினான். "இத்தயே பேரா வெச்சிடலாம். சொன்னதயே சொல்லிக்கினு கீது, ஆனா விடாம சொல்லி முடிச்சிடுது. திக்குவாய்."

அந்த ஆபீஸில் அது ஒரு பழக்கம். எழுதுகிற ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எழுதியவரின் பட்டப்பெயரை வைப்பார்கள். எடுத்ததற்கெல்லாம் எரர் காட்டும் சுபாஷ்ரீயின் ரிப்போர்ட் பேக்கேஜுக்கு அழுமூஞ்சி. மெதுவாகத் திறக்கும் தமிழரசனுடையதுக்குத் தூங்குமூஞ்சி. அவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன, வாயால் சொல்லிவிட முடியும்.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று நேற்று என்ன வேலை செய்தோம் என்று சொல்ல வேண்டும். துரைராஜ் முறை வந்தால் அசோக் கையைக் கட்டிக்கொள்வான்.

"எதுல வேல பண்ண? பேர் சொல்லு."

"அ-அந்த மறுபடி அனுப்பற ரீட்ரை..."

"அப்டி ஒரு பேக்கேஜ் நம்மகிட்ட இல்லியே. பேர் சொல்லுப்பா."

துரைராஜ் கண்ணை மூடுவான். தமிழரசன் செல்போனில் ஸ்டாப் வாட்சை அமுக்குவான். "நேத்தய ரெக்கார்ட ஒடைச்சிட்டாருபா" என்பான். சுபாஷ்ரீ "பாவம், வுடுங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சிரிப்பை முதலில் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு நாள் துரைராஜ் கேட்டேவிட்டான். எழுதித்தான் கேட்டான். அந்தப் பெயரை மாற்றிவிடலாமா சார், நான் எழுதியது, பார்க்கும்போதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது.

அசோக் அதைச் சத்தமாகப் படித்தான், துரைராஜ் குரலில். பிறகு சொந்தக் குரலில், "அது எல்லா சென்டர்லயும் ஓடிக்கினு கீது துரை. பேர மாத்தணும்னா எல்லாத்தயும் கயட்டி மாட்டணும். நீ உன் பேர மாத்திக்க, அது ஈசி."

அதே வாரத்தில்தான் சுபாஷ்ரீ எங்கேயோ படித்துவிட்டு வந்து ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் கேட்டது இது. பேக்கேஜை இறக்கி மாட்டும் டூல் இரண்டு இடத்தில் தேடும். ஒன்று ஆபீஸின் சொந்த அலமாரி. இன்னொன்று உலகத்துக்கே பொதுவான கடை. கடையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். காசு இல்லை, கேள்வி இல்லை, முதலில் வந்தவனுக்குப் பெயர். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால் டூல் யாருடையது என்று பார்ப்பதில்லை, எந்தப் பதிப்பு எண் பெரியது என்று பார்க்கும். பெரிய எண்ணை எடுத்துவந்து மாட்டிவிடும்.

"அப்ப வெளியில எவனாவது நம்ம பேர்ல ஒண்ணு வெச்சுட்டா, அத்த இல்ல சார் இது தூக்கிக்கினு வந்து மாட்டும்?"

"அதுக்குத்தாம்மா நம்மூரு பட்டப்பேரு" என்றான் அசோக், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "லண்டன்ல கீறவன் எழுந்து ஒக்காந்து திக்குவாய்னு பேர் வெப்பானா? அமெரிக்காக்காரனுக்கு அழுமூஞ்சி தெரியுமா? உலகத்துல எவன் வாயிலயும் வராத பேரு. இத்தவிடப் பெரிய பூட்டு இன்னா வோணும்?"

வெளியே தேடாதே என்று டூலுக்கு ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு டூலின் செட்டிங்ஸைத் திறக்க வேண்டும். அந்தச் சாவி அசோக்கிடம் மட்டும்தான். அவன் திறக்கவில்லை. துரைராஜ் தன் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். உலகத்தில் திக்குவாய் என்று ஒன்றுதான் இருக்கிறது, அதற்குக் கடையில் இன்னும் ஆள் வரவில்லை என்பது அவனுக்கு அன்றைக்கு முழுவதும் இனித்தது. அவன் ஒன்றும் மகான் இல்லை. ஓட்டை தெரிந்த பிறகு அதை அடைக்கச் சொல்லித் தானும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடையில் கணக்குத் தொடங்கினான். பேக்கேஜின் பெயர் கேட்டது, தட்டினான். எழுதியவர் பெயர் கேட்டது. ஒரு தரம்தான் தட்டினான். துரைராஜ். முட்டவில்லை, மோதவில்லை, ஒரே மூச்சில் விழுந்தது. ஆபீஸில் இருந்தது பதிப்பு ஒன்று, இவன் ஒன்பது போட்டான். உள்ளே அதே வேலை. கூட ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தான்.

"இன்னா நைனா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா.

அவன் தலையை ஆட்டினான்.

மறுநாள் திருமுக்கூடலில் புதுசாகத் திறக்கும் நிலையத்து மிஷினுக்கு ஆபீஸில் வைத்தே தமிழரசன் மென்பொருளை ஏற்றினான். எல்லாம் இறங்கி, ஓடத் தொடங்கும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இதை எழுதியவர் துரைராஜ், சாலவாக்கம்.'

"ஐய, துரைண்ணா பேரு வருது" என்றாள் சுபாஷ்ரீ. அவளுக்கு நிஜமான சந்தோஷம். துரைராஜுக்குக் காது சிவந்தது. ஆபீஸில் அவன் பெயரை யாரும் கேலி கலக்காமல் சொன்னது அதுதான் முதல் தரம்.

அசோக் வந்து குனிந்து பார்த்தான். விஷயம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் முட்டாள் இல்லை. முகம் ஒரு நொடி வெளுத்தது, பிறகு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"இ-இ-இதை எழுதியவர் து-து-து..." மூன்று பேரும் சிரிக்கும் வரை நிறுத்தவில்லை. பிறகு தோளில் கை போட்டான். "வெளியில வெச்சிருக்கியா? தூக்கு. இப்பவே தூக்கு."

துரைராஜ் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது, வாசலிலேயே அடைத்துக்கொண்டது. செல்போனை எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினான். 'சார், நான் எடுத்துவிட்டால் அந்தப் பெயர் காலியாகிவிடும். வேறு யாராவது எடுத்து வைப்பார்கள். முதலில் வெளியே தேடாதே என்று டூலைப் பூட்டுங்கள். பிறகு எடுக்கிறேன்.'

பதில் குரல் செய்தியாக வந்தது. பக்கத்து மேஜையிலிருந்துதான். துரைராஜின் குரலில், "சா-சா-சார், பூ-பூ-பூட்டுங்க." தமிழரசன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

அசோக் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான். நீக்கும் பக்கம் சிவப்புக் கட்டத்தில் எச்சரித்தது. இதை நீக்கினால் இந்தப் பெயரை வேறு எவரும் எடுத்துக்கொள்ள முடியும், உறுதி என்றால் பெயரைத் தட்டவும்.

அசோக் அதை முழுதாகப் படித்தான். படித்துவிட்டுச் சொன்னான், "வேற எவனுக்குடா வோணும் உன் பேரு?"

துரைராஜ் அதுவரை தயங்கிக்கொண்டுதான் இருந்தான். அந்த வார்த்தைக்குப் பிறகு தயங்கவில்லை. வரட்டும், எவனாவது வரட்டும் என்று தட்டினான்.

வேண்டியவன் இருந்தான். எந்த ஊர், எந்தப் பாஷை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காலியான பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க புரோகிராம் எழுதிவிட்டு, அதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. அவனுக்குத் திக்குவாய் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. இறக்குகிறார்கள், யாரோ எங்கேயோ இறக்குகிறார்கள், அது போதும். பழைய பேக்கேஜை அப்படியே நகல் எடுத்தான். பதிப்பு எண் நூறு போட்டான். எழுதியவர் என்ற இடத்தில் இருந்ததை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. உள்ளே தன் பங்குக்கு, மிஷினை முடக்கிவிட்டுக் காசு கேட்கும் நாலு வரி சேர்த்தான்.

நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வாரத்தில் ஒரு ராத்திரிதான் எல்லா நிலையத்து மிஷினும் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று தானாகத் தேடி மாட்டிக்கொள்ளும். அந்த ராத்திரி கழிந்த காலை திருமுக்கூடல் நிலையத்திலிருந்து அங்கே மிஷின் பார்க்கும் அம்முலு கூப்பிட்டாள்.

"சார், பொட்டி இங்கிலீஷ்ல இன்னாமோ காட்டுது. பட்டனு ஒண்ணியும் வேல செய்யல. பொம்பளைங்கல்லாம் கேனோட நிக்கறாங்க."

அடுத்த அழைப்பு சாலவாக்கம். அடுத்தது, அடுத்தது. எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் செத்தது. மிஷின் சீட்டு இல்லாமல் பால் எடுக்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. சித்திரை வெயில். வெளியே நின்ற பால் பத்து மணிக்கெல்லாம் புளித்துவிட்டது. திருமுக்கூடலில் ஒருத்தி நிலையத்து வாசற்படியிலேயே கேனைக் கவிழ்த்துவிட்டு, மிஷின் செய்தவனின் வம்சத்தையே இழுத்து வைதுவிட்டுப் போனாள். அம்முலு போனைக் கீழே வைக்காததால் அது முழுவதும் ஆபீஸில் கேட்டது.

சுபாஷ்ரீதான் கண்டுபிடித்தாள். கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "துரைண்ணா, இது நீங்க வெச்சதா?"

திக்குவாய், பதிப்பு நூறு. எழுதியவர் துரைராஜ், சாலவாக்கம்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"பேரு போட்டுக்கீதேண்ணா" என்றான் தமிழரசன்.

குரூப்பில் எழுதியதைக் காட்டலாம் என்று துரைராஜ் செல்போனை எடுத்தான். எச்சரித்து எழுதிய இடத்தில், அட்மினால் நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். அசோக் தன் செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

வைத்ததுமே அது அடித்தது. ஐசக். அசோக் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான்.

"க்க்ம். அசோக்கு, ஒரே கேள்விதான். இது உன் ஆபீஸ் தப்பா, இல்ல உன் ஆள் எவனாவது பண்ணதா? ஆபீஸ் தப்புன்னா இன்னியோட உன் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. க்க்ம். ஆளுன்னா, ஆள எனுக்கு லைன்ல குடு. அவன் வாயால கேக்கணும்."

"ஆள்தான் சார். இங்கதான் கீறான், குடுக்கறன்."

அசோக் துரைராஜைப் பார்த்தான். துரைராஜ் எழுந்தான். அசோக் கையை உயர்த்தி, நீ இரு என்று சைகை காட்டினான். ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்தான், யாரோ வந்து உட்காருகிற மாதிரி. நெற்றியைச் சுருக்கினான். கண்ணை மூடினான்.

"வ-வணக்கம் சார். து-து-துரைராஜ் பேசறன்."

துரைராஜ் தன் வாழ்நாளில் போனில் அவ்வளவு சீக்கிரம் தன் பெயரைச் சொல்லி முடித்ததில்லை.

"நீதான் வெச்சியா?"

"ஆ-ஆமா சார். பே-பேருக்கு ஆசப்பட்டு வெச்சிட்டன். அ-அசோக் சார் அப்பவே தி-திட்டுனாரு. த-த-தப்பு என்னுதுதான்."

துரைராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டு கத்தப் பார்த்தான். "ந-ந-ந-" என்றுதான் வந்தது. அசோக் கண்ணைத் திறக்காமலே அதற்கு இடம் விட்டு, அது நின்றதும், "ந-நான் வேணும்னு பண்ணல சார்" என்று முடித்தான். இரண்டு குரலும் ஒட்டியே விழுந்தன. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று அந்தப் பக்கத்தில் தெரிய வழியில்லை.

சுபாஷ்ரீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசன் உதட்டைக் கடித்திருந்தான். அழுகையை அடக்குவதற்கு இல்லை. இவ்வளவு தத்ரூபமாக அசோக் ஒரு நாளும் செய்ததில்லை, பழக்கதோஷத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

போன் வைத்த பிறகு அசோக் நெற்றி வியர்வையைத் துடைத்தான். சொந்தக் குரலில், ரொம்ப மென்மையாகப் பேசினான். "கான்ட்ராக்ட் போனா நாலு பேருக்கும் சோறு இல்ல துரை. இப்ப ஒருத்தனுக்குத்தான். பேஜார் பண்ணாத. கார்ட குடுத்துட்டுப் போ."

துரைராஜ் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

மறுநாள் காலை அவன் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறி, காஞ்சிபுரம் ரோட்டில் இருந்த பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போனான். வழி முழுவதும் ஒரே வாக்கியத்தை உள்ளுக்குள் உருட்டினான். வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருந்தான், ஒன்றுகூட 'த'வில் தொடங்கவில்லை. நேத்து போன்ல பேசினது நான் இல்ல சார், அசோக் சார். இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் போதும்.

ஐசக் பெரிய உருவம். மேஜை மேல் சோதனைக்குப் பால் எடுத்த சின்னக் குப்பிகள் வரிசையாக இருந்தன. "யார்ப்பா?" என்றார். துரைராஜின் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

"நே-நே-நேத்து," என்று தொடங்கினான். ஐசக் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனுஷன், இடையில் புகவில்லை. துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டு 'போ'வில் முட்டினான், மீண்டான். 'பே'யில் முட்டினான், மீண்டான். சட்டை நனைந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "பேசினது நா-நா-நான் இல்ல சார். அ-அசோக் சார்." முழு வாக்கியமும் வெளியே வந்து, ஐசக்கின் மேஜை மேல் விழுந்தது.

ஐசக் பேனாவை எடுத்து மூடினார்.

"க்க்ம். இதே குரல்தானய்யா நேத்து கேட்டேன்."

"இ-இல்ல சார், அவரு என்ன மா-மாதிரி..."

"சரி, நியாயமா பாத்துடுவோம். உன் பேர சொல்லு."

துரைராஜுக்குப் புரிந்தது. புரிந்தும், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்க முடியவில்லை. "து-து-து-"

ஐசக் உள் அறைப் பக்கம் திரும்பினார். "சாம்சன், இங்க வா. நேத்து நீயுந்தான பக்கத்துல இருந்த. இந்தக் குரலா பாரு."

கணக்குப் பார்க்கும் சாம்சன் கதவோரம் வந்து நின்று காதைக் கொடுத்தான். "இதேதான் சார். அச்சு அசல்."

"நேத்து தைரியமா ஒத்துக்கின. வூட்டுக்குப் போனதும் பயம் வந்துடுச்சு, மாத்திப் பேசற" என்றார் ஐசக். குரலில் கோபமே இல்லை. ஒரு தம்ளர் பாலை அவன் பக்கம் நகர்த்தினார். "குடி. பேசக்கூட முடியாத புள்ள, உன்ன போலீஸ்ல குடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்? நான் கேஸ் எதுவும் குடுக்கல."

துரைராஜ் வாயைத் திறந்தான்.

"கஷ்டப்படாத தம்பி. ஒண்ணே ஒண்ணு. இந்தப் பால் லைன்ல எந்த ஆபீஸ் பக்கமும் வேலைக்குப் போயிராத. எல்லாருக்கும் சொல்லி வெச்சிட்டேன். பேர மாத்திக்கினு வந்தாலும் வருவான், பேர பாக்காதீங்க, வாயத் தொறந்து பேசச் சொல்லுங்க, கேட்டாலே தெரிஞ்சுடும்னு."